முதல் கச்சேரி சுலபம், இரண்டாவதுதான் வேலை

செல்லோ (வயலின் குடும்பத்தில் ஒரு பெரிய வாத்தியம்) வாசிக்கிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி "எந்த ஓர்கெஸ்ட்ராவில்?" என்பதுதான். எதிலும் நிரந்தரமாக இல்லை, இப்போது உயிரோடு இருக்கிறவர்கள் எழுதும் இசையைத்தான் பெரும்பாலும் வாசிக்கிறேன் என்றால், எதிரே இருப்பவர் முகத்தில் சின்னதாக ஓர் இரக்கம் வரும். ஜேர்மன்காரருக்கும் வரும், எங்கள் ஆட்களுக்கும் வரும். கொலோனில் இருந்துகொண்டு இந்தத் தொழிலில் பல வருடங்கள் தள்ளியாகிவிட்டது. இசைக் கல்லூரிக்குப் போக நிற்கும் பிள்ளைகளும், அதைவிட அதிகமாக அவர்களுடைய அப்பா அம்மாமாரும், இப்போதெல்லாம் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து 80களில் அகதியாக வந்த குடும்பம். ஜேர்மனியின் ரூர் பகுதியில் வளர்ந்தேன். நகராட்சி இசைப் பள்ளியில் வயலின் பழகினால் பிறகு கர்நாடக வயலினுக்கும் உதவும் என்பது அம்மாவின் கணக்கு. வயலின் வகுப்பு நிரம்பிவிட்டது. செல்லோவுக்கு இடமும் இருந்தது, மாத வாடகைக்கு வாத்தியமும் இருந்தது. இவ்வளவுதான்.

வீட்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரத் தூரத்தில் விற்றன் என்றொரு சிறு நகரம். உருக்கு ஆலை ஊர். அந்த ஊரில் 1969 முதல் ஒவ்வோர் இளவேனிலிலும் புதிய அறையிசைக்கென்றே (சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் இசை) ஒரு விழா நடக்கிறது. நகராட்சியும் மேற்கு ஜேர்மன் வானொலியும் சேர்ந்து நடத்துகின்றன. 2002 ஏப்ரலில் அங்கே செல்லிஸ்ட் ரோஹன் டி சேரம், இத்தாலிய இசையமைப்பாளர் லுசியானோ பெரியோவின் 'செக்குவென்சா 14' என்ற தனிச் செல்லோப் படைப்பை முதன்முதலாக மேடையில் வாசித்தார். என் ஆசிரியர் டிக்கெட் வாங்கித் தந்து "போய்க் கேள்" என்று அனுப்பினார். அப்பா காரில் கொண்டுபோய் விட்டார், அவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

டி சேரம் 1939இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்து, சிறு வயதை இலங்கையில் கழித்தவர். கஸ்பார் கஸாடோ, பிறகு பாப்லோ கஸால்ஸ் என்ற செல்லோ மேதைகளிடம் படித்தவர். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க ட்வொர்ஷாக், எல்கார் கொன்செர்டோக்களோடு (தனி வாத்தியம் ஓர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிப்பவை) உலகம் சுற்றியிருக்கலாம். அவர் லண்டனின் ஆர்டிட்டி என்ற தந்தி வாத்திய நால்வர் குழுவில் சேர்ந்து, கையெழுத்துப் பிரதியின் மை காயாத இசையை 2005 வரை வாசித்துக்கொண்டிருந்தார். 1995இல் ஆம்ஸ்டர்டாமில் ஜேர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹௌசனின் ஹெலிகொப்டர் நால்வரிசைக்காகச் (நால்வரும் ஆளுக்கொரு ஹெலிகொப்டரில் இருந்து வாசிப்பது) செல்லோவோடு ஹெலிகொப்டரில் ஏறிப் பறந்தவரும் அவர்தான். இன்னொரு பக்கம் அவர் கண்டி மேளம் பழகியவர். பெரியோ அதைக் கேட்டிருந்தார். செக்குவென்சா 14இல் வலது கை செல்லோவின் உடம்பில் தட்டுகிறது, இடது கை விரல்கள் தந்திகளை அடிக்கின்றன, அந்தத் தாளங்கள் கண்டி மேளத்திலிருந்து வந்தவை.

இலங்கையில் போர்நிறுத்தம் கையெழுத்தாகி அப்போது இரண்டு மாதம். ஜேர்மனியில் ஓர் உருக்கு ஆலை ஊரில் கண்டி மேளத் தாளம் செல்லோவில் கேட்டதும் அப்பா ஒரு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். திரும்பி வரும்போது அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு அன்று பிடிபட்டது வேறு விஷயம். அந்தப் படைப்பு இப்படியிருக்கக் காரணம் அந்த மனிதர். அவர் கையில் மேளம் இல்லாதிருந்தால் பெரியோ அதை எழுதியிருக்கமாட்டார். பேத்தோவனின் செல்லோ சொனாட்டாவை நான் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அது அப்படியேதான் இருக்கும். இங்கே வாசிப்பவருக்கும் எழுதுபவருக்கும் நடுவில் இருக்கும் உறவுதான் முதலீடு. கீழே சொல்லப்போவது எல்லாம் அதைச் சுற்றித்தான்.

சரி, முதலில் பெற்றோர் கேட்கிற கேள்வி: சோறு போடுமா?

ஜேர்மனியில் பொதுப் பணத்தில் நடக்கும் தொழில்முறை ஓர்கெஸ்ட்ராக்கள் 120க்கும் மேல் இருக்கின்றன. ஓர் இடத்துக்கான தேர்வில் முதல் சுற்றுத் திரைக்குப் பின்னால் நடக்கும். ஹைடனின் டி மேஜர் கொன்செர்டோ அநேகமாக உண்டு. அதில் தேறினால் ஒரு வருடம் தகுதிகாண் காலம், பிறகு ஓய்வூதியம் வரை நிம்மதி. புதிய இசைக்கென்று இருக்கும் குழுக்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. பாரிஸில் இசையமைப்பாளர் பூலேஸ் 1976இல் தொடங்கிய அன்சாம்பில் அன்தெர்கொந்தம்பொரான், 1980இல் பிறந்து இப்போது பிராங்பேர்ட்டில் இருக்கும் அன்சாம்பிள் மொடேர்ன், 1985இலிருந்து வியன்னாவின் கிளாங்ஃபோரும், 1990இலிருந்து எங்கள் ஊர்ப் பக்கத்து மூசிக்ஃபாப்ரிக். ஒவ்வொன்றிலும் செல்லோ நாற்காலி ஒன்று அல்லது இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதில் இருப்பவர் எழுந்தால்தான் அடுத்தவர் உட்காரலாம். யாரும் லேசில் எழுந்துகொள்வதில்லை. ஆகவே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்னைப்போலத் தனியாட்கள்தான்: இந்தக் குழுவுக்கு ஒரு வாரம், அந்த விழாவுக்கு மூன்று நாள், நடுவில் மாணவர்கள்.

முன்னோடிகளைப் பற்றிப் பேசும்போது இந்தச் சோற்றுக் கணக்கை யாரும் சொல்வதில்லை. ஜேர்மன் செல்லிஸ்ட் சீக்ஃபிரீட் பால்ம் என்ற பெயரை இந்தத் துறையில் எல்லோரும் பக்தியோடு சொல்வார்கள். அவர் முதன்முதலாக வாசித்தவற்றைப் பாருங்கள்: சிம்மர்மானின் தனிச் செல்லோ சொனாட்டா 1960, செனாக்கிஸின் 'நோமோஸ் அல்ஃபா' 1966, லிகெட்டியின் செல்லோ கொன்செர்டோ 1967இல் பேர்லினில், அடுத்த வருடம் அவர் பெயரையே தலைப்பில் கொண்ட பெண்டெரெட்ஸ்கியின் கப்ரிச்சியோ. இருபதாம் நூற்றாண்டின் செல்லோ இலக்கியத்தில் பாதி அந்த மனிதர் மேசைக்கு வந்து போயிருக்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பகுதி நடந்த காலத்தில் அவர் வானொலி ஓர்கெஸ்ட்ராவின் முதல் செல்லிஸ்ட். முதலில் ஹம்பேர்க், பிறகு கொலோன். மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. கொலோன் கல்லூரியில் பேராசிரியராகவும் இருந்தார். ஆகவே, ஓர்கெஸ்ட்ராவில் பாதி நேர வேலை கிடைத்தால் அதைத் துரோகம் என்று நினைக்காதீர்கள். ஹைடனைத் திரைக்குப் பின்னால் சுத்தமாக வாசிக்கத் தெரியாதவருக்கு லிகெட்டியும் வராது. அந்தக் கொன்செர்டோ ஒரே ஒரு ஸ்வரத்தில், மெல்ல என்பதற்கான குறியை எட்டுத் தடவை போட்டு, தொடங்குகிறது. கேட்கிறதா இல்லையா என்ற எல்லையில் வில்லை நடுங்காமல் இழுக்க வேண்டும். பழைய பயிற்சி இல்லாமல் அதைச் செய்ய முடியாது.

இப்போது வேலைக்குள் போவோம்.

புது ஸ்கோர் (இசை எழுதிய பிரதி) வந்தால் முதல் சில நாட்கள் செல்லோவைப் பெட்டியிலிருந்து எடுப்பதில்லை. மேசையில் உட்கார்ந்து படிப்பேன். ஹெல்முட் லாகன்மான் 1969இல் எழுதிய 'பிரெஸ்ஸியோன்' இதற்கு நல்ல உதாரணம். அதில் எந்த ஸ்வரம் கேட்க வேண்டும் என்று எழுதியிருப்பதைவிட என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருப்பதுதான் அதிகம். வாத்தியத்தின் வரைபடம் போல ஒரு குறியீடு: குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) இங்கே, விரற்பலகை இங்கே, வில் எங்கிருந்து எங்கே நகர வேண்டும், எவ்வளவு அழுத்தம், இடது கை நகத்தால் எங்கே உரச வேண்டும். வழக்கமான முழுத் தொனி கேட்பது அபூர்வம். இதை நேரே வாத்தியத்தில் தொடங்கினால் கை தப்பான பழக்கம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், அதை அழிக்க இரட்டிப்பு நேரம் ஆகும். ஆகவே குறிகளுக்கு ஒரு பட்டியல் தயாரிப்பேன், ஒவ்வோர் இசையமைப்பாளருக்கும் தனி. ஒரே குறியை இரண்டு பேர் இரண்டு அர்த்தத்தில் போடுவார்கள். சந்தேகமானவற்றைச் சேர்த்துவைத்து ஒரே மின்னஞ்சலில் கேட்பேன். தினம் ஒரு கேள்வி அனுப்பினால் யாருக்கும் கோபம் வரும்.

தாளத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. இசையமைப்பாளர் பிரயன் ஃபெர்னிஹோவின் வழியில் வந்தவர்கள் ஓர் அடியை ஐந்தாகப் பிரித்து, அந்த ஐந்தில் மூன்றின் இடத்தில் நான்கைத் திணிப்பார்கள். பார்த்தால் பயமாக இருக்கும். கணக்குப் போட்டால் பயம் போய்விடும்: அடி நிமிடத்துக்கு 60 என்றால் ஐந்தின் துண்டுகள் நிமிடத்துக்கு 300, உள்ளே இருக்கும் நான்கின் துண்டுகள் 400. மெட்ரோனோமில் (அடியைத் தட்டிக் காட்டும் கருவி) அந்த வேகங்களைத் தனித்தனியே பழகி, பிறகு ஒட்ட வேண்டும். மிருதங்கம் படித்த என் மச்சான் ஒருவன் 'தகதகிட' என்று வாயால் சொல்லிக்கொண்டே கையில் அடி போடப் பழக்கினான். கண்ட நடையும் மிஸ்ர நடையும் காதில் இருக்கிறவருக்கு ஐந்தும் ஏழும் அன்னியம் இல்லை. இங்கே தாள வாத்தியக்காரர்கள் பலர் கொன்னக்கோலைத் தேடிப்போய்ப் படிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மிருதங்க வகுப்புக்கு முனகிக்கொண்டு போகிறார்கள்.

அடுத்தது இசையமைப்பாளரோடு உட்காருவது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் கல்லூரியில் யாரும் இதைக் கற்றுத்தருவதில்லை.

கொலோனில் படிக்கும்போது கொரியாவிலிருந்து வந்து இசையமைப்புப் படித்த ஒரு தோழியோடு வேலை செய்யத் தொடங்கினேன். அவருக்குப் பியானோதான் வாத்தியம். பியானோக்காரர்களும் வயலின்காரர்களும் செல்லோவுக்கு எழுதும்போது கையின் அகலத்தைக் கூட்டிப் போட்டுவிடுவார்கள். செல்லோவின் கீழ்ப்பகுதியில் முதல் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவில் வசதியாகக் கிடைப்பது ஒரு சின்ன மூன்றாம் இடைவெளி, விரித்தால் பெரிய மூன்றாம். அதற்கு மேல் பெருவிரலைத் தூக்கிப் பலகைமேல் வைத்தாக வேண்டும். இதை வாயால் சொன்னால் மறந்துபோகும். அவர் கையைப் பிடித்து விரற்பலகையில் வைத்துக் காட்டினேன், பிறகு மறக்கவில்லை. அப்படிக் காட்ட வேண்டியவை சில உண்டு. எந்த ஹார்மொனிக்ஸ் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டால் வரும் மெல்லிய மேல்தொனி) எந்தத் தந்தியில் உறுதியாகப் பேசும், எது நாலு தடவைக்கு ஒரு தடவைதான் வரும். ஓசையைக் குறைக்கும் ஊமைக்கட்டையை மாட்டவும் கழற்றவும் எத்தனை அடி ஓய்வு வேண்டும். ஒரு தந்தியின் சுருதியை நடுவில் இறக்கினால் அது உடனே நிலைகொள்ளாது, கொஞ்ச நேரம் நழுவிக்கொண்டே இருக்கும் என்பது. வில்லின் மரத்தால் தட்டச் சொன்னால் சத்தம் அவர்கள் மனதில் கேட்பதில் பாதிகூட வராது என்பது.

இப்போது இவற்றைச் சின்னச் சின்னக் கைபேசிக் காணொளிகளாக வைத்திருக்கிறேன். குதிரைக்கு மேலேயே வில்லை இழுத்தால் காற்று மாதிரி வரும் ஓசை, அழுத்தி இழுத்தால் வரும் உறுமல், ஒரே தந்தியில் இரண்டு மூன்று தொனி சேர்ந்து எழும் இடங்கள். புதிதாக யாராவது எழுதப்போகிறார் என்றால் முதலில் இவற்றை அனுப்புவேன். ஆனால் ஒன்று: எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. கொட்டினால் வரும் படைப்பு ஓசைகளின் கடைத்தெருவாக இருக்கும். நாலைந்து காட்டி, அவர் எதில் கண் விரிக்கிறார் என்று பாருங்கள். அவ்வளவே போதும்.

காலக்கெடுவை எழுத்தில் வாங்குங்கள். நட்பு வேறு, காலக்கெடு வேறு. கடைசி வாரத்தில் பக்கம் பக்கமாக வரும் ஸ்கோர் இந்தத் துறையின் நிரந்தர நோய். என் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும்: முழு ஸ்கோரும் கச்சேரிக்கு ஆறு வாரம் முன்னால் கைக்கு வராவிட்டால் அந்தப் படைப்பு அடுத்த நிகழ்ச்சிக்குப் போகும். ஒருமுறை ஒரு விழாக்காரர் இதற்காக மிகவும் கோபப்பட்டார். அதே விழா அடுத்த தடவை கூப்பிட்டபோது அந்த வரியை அவர்களே போட்டு அனுப்பியிருந்தார்கள்.

மறுக்கவும் தெரிய வேண்டும். வாத்தியத்தின் முகப்பலகையில் உலோகத் துண்டுகளை ஒட்டச் சொன்னார் ஒருவர். "அதற்கு வேறு செல்லோ வைத்திருக்கிறேன்" என்று சொல்லிப் பழைய தொழிற்சாலைச் செல்லோ ஒன்றைக் காட்டினேன். மலிவான இரண்டாவது செல்லோ ஒன்றும், மரத்தால் தட்டுவதற்கென்று கார்பன் ஃபைபர் வில் ஒன்றும் இந்தத் தொழிலின் அத்தியாவசியச் சாமான். நல்ல வில்லின் மெருகு ஒரே ஒத்திகையில் போய்விடும். தந்திகளும் மற்றவர்களைவிட நமக்குச் சீக்கிரம் செத்துப்போகும். நான்கும் சேர்ந்து 200 யூரோவைத் தாண்டும், வரவுசெலவில் முதலிலேயே போட்டுவிடுங்கள்.

இனி தலைப்புக்குக் காரணமான விஷயம்.

முதல் அரங்கேற்றத்துக்குப் பணம் கிடைக்கும். விழாக்களும் அறக்கட்டளைகளும் வானொலிகளும் 'முதன்முறை' என்ற சொல்லுக்குத்தான் காசோலை எழுதுகின்றன. விமர்சகர் வருவார், ஒலிப்பதிவு நடக்கும், பூங்கொத்து தருவார்கள். அந்த இரவோடு பெரும்பாலான படைப்புகள் அலமாரிக்குப் போய்விடும். இரண்டாம் தடவை வாசிக்க யாரும் காசு தருவதில்லை. ஆனால் ஒரு படைப்பு உண்மையில் எப்படி இருக்கிறது என்பது இரண்டாம், மூன்றாம் தடவையில்தான் வாசிக்கிறவருக்கே தெரியும். முதல் இரவு நான் விழாமல் நடக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

ரஷ்யச் செல்லிஸ்ட் ரொஸ்ட்ரொபோவிச் போன்ற மலைக்கே இது நேர்ந்தது. பாசெல் நகர இசைப் புரவலர் பவுல் சாகருக்கு 70 வயதானபோது, 1976இல், ரொஸ்ட்ரொபோவிச் 12 இசையமைப்பாளர்களிடம் செல்லோப் படைப்புக் கேட்டார். சாகரின் பெயரெழுத்துகளை ஸ்வரங்களாக வைத்து எழுத வேண்டும் என்பது நிபந்தனை. பிரிட்டன், பூலேஸ், பெரியோ, லுட்டொஸ்லாவ்ஸ்கி, ஹென்ஸ, ஹினஸ்டெரா, டியூட்டியே என்று பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றும். இன்று செல்லோ மாணவர் ஒருவரிடம் அந்தப் 12இல் எத்தனை சொல்ல முடியும் என்று கேளுங்கள். டியூட்டியேயினுடையது வரும், அவர் விட்டுவிடாமல் அதை வளர்த்து, 1982 வாக்கில் மூன்று பகுதிகளாக முடித்தார். பூலேஸின் 'மெசாஜெஸ்கிஸ்' வரும், லுட்டொஸ்லாவ்ஸ்கியினுடையது ஒருவேளை வரும். மற்றவற்றுக்கு யோசிப்பார். எழுதியவர்கள் சாதாரண ஆட்களா? திரும்பத் திரும்ப வாசிக்க ஆள் கிடைத்தது சிலதுக்குத்தான்.

இதற்கு எதிரான உதாரணம் பின்லாந்தின் செல்லிஸ்ட் அன்சி கார்ட்டுனன். அவரும் இசையமைப்பாளர் கையா சாரியாஹோவும் இளமையிலிருந்தே நண்பர்கள். 1988இல் 'பெட்டல்ஸ்', 2000இல் 'செப்ட் பப்பியோன்', பிறகு கொன்செர்டோக்கள் என்று 2023இல் சாரியாஹோ இறக்கும்வரை அந்த உறவு நீடித்தது. கார்ட்டுனன் அந்தப் படைப்புகளை ஊர் ஊராகக் கொண்டுபோனார், மாணவர்களுக்குப் பழக்கினார். இன்று 'செப்ட் பப்பியோன்' கல்லூரித் தேர்வுகளில் சாதாரணமாகக் கேட்கிறது. 150க்கும் மேல் முதல் அரங்கேற்றம் செய்த மனிதர் அவர், ஆனால் அவரை நான் மதிப்பது அந்த எண்ணிக்கைக்காக இல்லை.

நான் பின்பற்றும் வழி எளிமையானது. தனிக் கச்சேரி ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே நான் முதலில் வாசித்த ஒன்று மறுபடி இருக்கும். மண்டபம் கிடைக்காவிட்டால் தேவாலயம், பள்ளி, ஓவியக் கூடம். பாக்கின் தனிச் செல்லோத் தொகுதி ஒன்றோடு சேர்த்தால் கதவு சுலபமாகத் திறக்கும். (இதில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. பாக்கின் ஐந்தாம் தொகுதியில் மேல் தந்தியை ஒரு தொனி இறக்க வேண்டும். கோடாயின் 1915 சொனாட்டாவில் கீழ் இரண்டு தந்திகளையும் அரைத் தொனி இறக்க வேண்டும். இரண்டையும் இடைவேளை இல்லாமல் ஒரே செல்லோவில் வைத்தால் சுருதி இரவு முழுக்க அலையும்.) அதே படைப்பை இரண்டு மூன்று ஊரில் வாசித்த பிறகு ஒலிப்பதிவு செய்து வெளியிடுங்கள். முதல் இரவின் பதிவை வெளியிட அவசரப்படாதீர்கள்.

கேட்பவர்களைப் பற்றி. விழாக்களில் வருகிறவர்களுக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை. மற்ற இடங்களில் தேவை. என் பெரியம்மா ஒரு கச்சேரி முடிந்து வந்து, "பிள்ளை, கதவு கிறீச்சிடுற மாதிரி இருக்கு, எண்ணெய் விடேலாதோ?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த ஜேர்மன் கிழவருக்கு அதை மொழிபெயர்த்தபோது அவரும் அதையேதான் நினைத்தாராம். அதற்குப் பிறகு வாசிப்பதற்கு முன்னால் இரண்டு நிமிடம் எடுத்து, வரப்போகிற ஓசைகளில் மூன்றைத் தனித்தனியே வாசித்துக் காட்டுவேன். தத்துவம் எதுவும் பேசமாட்டேன். "இது எப்படி வருகிறது தெரியுமா" என்று வில்லைக் குதிரைப் பக்கம் கொண்டுபோய்க் காட்டினால் பின்வரிசைச் சிறுவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். பெரியம்மா இப்போதும் வருகிறார், இப்போதும் எண்ணெய் பற்றிக் கேட்கிறார், ஆனால் எந்த இடத்தில் எத்தனை துளி என்று குறிப்பாகச் சொல்கிறார்.

பணக் காகிதங்கள். ஜேர்மனியில் சுயதொழில் கலைஞர்களுக்கென்று ஒரு சமூகக் காப்புறுதி நிதி இருக்கிறது. அதில் சேர்ந்தால் மருத்துவம், ஓய்வூதியக் கட்டணத்தில் பாதியைத்தான் நாங்கள் கட்டுவோம், வேலைக்காரர்களைப் போல. கலையிலிருந்து ஆண்டு வருமானம் 3,900 யூரோவைத் தாண்ட வேண்டும். தொழில் தொடங்கிய முதல் மூன்று வருடங்களுக்கு அந்த எல்லை இல்லை. படிப்பு முடிந்த கையோடு விண்ணப்பியுங்கள், ஒப்பந்தங்கள், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். இசைத்தட்டு வெளியானால் வாசிப்பவர்களின் உரிமைச் சங்கத்தில் பதிவுசெய்யுங்கள், வானொலியில் போனால் சிறு தொகை வரும். விமானத்தில் செல்லோவுக்கும் ஓர் இருக்கை வாங்க வேண்டும், சன்னல் பக்கம், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி. அந்த டிக்கெட் யார் செலவு என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அது உங்கள் செலவு. பழைய வில்லின் நுனியில் தந்தம் இருந்தால் அதை ஐரோப்பாவுக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள். எல்லையில் அனுமதிப் பத்திரம் கேட்பார்கள், கையில் இல்லாவிட்டால் வில் திரும்பாது.

உடம்பு: அழுத்தி இழுக்கும் பகுதிகளை நாளுக்கு அரை மணிக்கு மேல் பழகாதீர்கள். தோளில் வலி தொடங்கினால் உடனே இசைக்கலைஞர்களுக்கான மருத்துவரிடம் போங்கள். ஹனோவரிலும் பிரைபேர்கிலும் இசைக் கல்லூரியோடு சேர்ந்தே அதற்கான நிறுவனங்கள் இருக்கின்றன. ஒலிபெருக்கியோடு ஒத்திகை என்றால் காதடைப்பான் போடுங்கள். அவ்வளவுதான் இதில் சொல்ல.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வரிசை இது. இசையமைப்பாளர் சோஃபியா குபைதுலினாவின் பத்துப் பிரெலூடுகள் (சிறு படைப்புகள்), 1974. ஒவ்வொன்றும் ஒரு நுட்பத்தின் பெயரைத் தலைப்பாகக் கொண்டது. பத்தாவதில் வில்லும் கிடையாது, மீட்டலும் கிடையாது. பாடப் புத்தகம் மாதிரி இருந்துகொண்டே நல்ல இசையாகவும் இருப்பது அபூர்வம், இது அப்படி. பிறகு 'செப்ட் பப்பியோன்'. பிறகு சிம்மர்மான் சொனாட்டா அல்லது 'பிரெஸ்ஸியோன்', மனதைப் பொறுத்து. 'நோமோஸ் அல்ஃபா'வை முப்பது வயதுக்கு முன்னால் தொட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

படித்து முடிப்பதற்குள் டார்ம்ஸ்டாட் நகரில் நடக்கும் புதிய இசைக்கான கோடைப் பயிற்சிக்கு ஒருமுறையாவது போங்கள். 1946இல் தொடங்கியது, இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. பேராசிரியர்களைவிட அங்கே உணவு வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் இருபத்திரண்டு வயது இசையமைப்பாளர் முக்கியம். அவரும் நீங்களும் சேர்ந்துதான் கிழவராகப் போகிறீர்கள். குழு வாசிப்புப் பழக பிராங்பேர்ட்டில் அன்சாம்பிள் மொடேர்னின் அகாடமி இருக்கிறது, சுவிஸில் லூசேர்ன் விழாவின் கோடை அகாடமி இருக்கிறது. இரண்டுக்கும் போட்டி கடுமை, விண்ணப்பக் காணொளியில் நீங்கள் உண்மையில் விரும்பும் படைப்பை வையுங்கள், கடினமானதை அல்ல.

வீட்டுப் பக்கமும் ஒரு வார்த்தை. கல்யாணத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கக் கேட்பார்கள். நான் வாசிப்பேன், சந்தோஷமாக. அதை மறுத்துவிட்டுக் கலையைக் காப்பாற்றியதாக நினைக்கும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கடைசியாக, நீங்கள் முதலில் வாசித்த ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: விரல் எண்கள் எழுதிய பிரதி, எந்த வில், எந்தத் தந்தி, எங்கே இசையமைப்பாளர் மனம் மாறினார், ஒத்திகையில் என்ன திருத்தினோம். அந்தக் கொரியத் தோழியின் படைப்பை வாசிக்க விரும்புவதாக நோர்வேயிலிருந்து ஒரு மாணவி எழுதினார். கோப்பை அப்படியே ஸ்கேன் செய்து, கடினமான இரண்டு பக்கத்துக்குக் காணொளியும் எடுத்து அனுப்பினேன். சில வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு காணொளி வந்தது. ஏழாம் பக்கத்தில் நான் இத்தனை வருடம் தாவித் தாவிப் பிடித்த ஹார்மொனிக்ஸ் வரியை அவர் பெருவிரலை ஒரே இடத்தில் ஊன்றி, பக்கத்துத் தந்தியில் எடுத்திருந்தார். தோழிக்கும் அனுப்பினேன், அச்சுப் பிரதியில் அதையே போடச் சொல்லிவிட்டார். போன மாதம் டுசெல்டோர்ஃபில் வாசித்தபோது நானும் அந்த விரல்களைத்தான் போட்டேன்.